தானே மடியும் சரம்

‘ஒன்று’ என்று ஒரு தடவை சொல்லுங்கள். அதைச் சொல்லி முடிக்கிற ஒரு நொடிக்குள், வளர்ந்த மனிதர் ஒருவரின் உடம்பில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய சிவப்பணுக்கள் தயாராகிவிடுகின்றன. ஒவ்வொரு சிவப்பணுவுக்குள்ளும் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். நொடிக்கு 500 லட்சம் கோடிக்கு மேல் வரும். சாதாரணக் கால்குலேட்டரில் அத்தனை பூஜ்ஜியத்துக்கு இடம் இருக்காது. தாளில் போடுங்கள்.

இவ்வளவும் எலும்புக்கு உள்ளே, மஜ்ஜையில், ஒரு சத்தமும் இல்லாமல் நடக்கிறது. நாம் தூங்கும்போதும் நடக்கிறது, கணக்குப் பரீட்சை எழுதும்போதும் நடக்கிறது.

ஹீமோகுளோபின் ஒரு புரதம். நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு போய், கால் கட்டைவிரல்வரை கொண்டு சேர்ப்பது இதுதான். ரத்தம் சிவப்பாக இருப்பதும் இதனால்தான். உடம்பில் இன்னும் ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் இன்றைக்கு விட்டுவிடலாம். ஹீமோகுளோபின் பின்னாலேயே போனால் போதும், செல் எப்படிப் புரதம் செய்கிறது என்பது பிடிபட்டுவிடும்.

எந்தப் புரதமானாலும் அதை மணி கோத்த சரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மணிகளுக்கு அமினோ அமிலங்கள் என்று பெயர். மொத்தம் 20 வகை மணிகள். சில பெரியவை, சில சிறியவை, சிலவற்றுக்கு மின்னூட்டம் உண்டு, சிலவற்றுக்குத் தண்ணீரே ஆகாது. ஹீமோகுளோபினில் நான்கு சரங்கள் சேர்ந்திருக்கும். ஆல்ஃபா சரம் இரண்டு, ஒவ்வொன்றிலும் 141 மணிகள். பீட்டா சரம் இரண்டு, ஒவ்வொன்றிலும் 146 மணிகள்.

மணிகள் எங்கிருந்து வருகின்றன? சாப்பாட்டிலிருந்து. பருப்பிலும் முட்டையிலும் மீனிலும் உள்ள புரதம் அப்படியே போய் நம் உடம்பில் ஒட்டிக்கொள்வதில்லை. குடல் அதை மணி மணியாக அறுத்துத்தான் ரத்தத்துக்குள் அனுப்பும். நேற்று சாப்பிட்ட சுண்டலில் இருந்த ஒரு மணி, இன்றைக்கு உங்கள் ஹீமோகுளோபினில் கோக்கப்படலாம்.

கோப்பதற்கு வரிசை தெரிய வேண்டும் அல்லவா? பீட்டா சரத்தின் வரிசை நம் 11ஆவது குரோமோசோமில் எழுதப்பட்டிருக்கிறது. ஆல்ஃபா சரத்தின் வரிசை 16ஆவது குரோமோசோமில். இரண்டும் ஏன் வெவ்வேறு இடத்தில் என்று கேட்காதீர்கள், அது பரிணாமத்தின் நீண்ட கதை. அது எழுதப்பட்டிருக்கும் டி.என்.ஏ.வில் எழுத்துகள் நான்கே நான்குதான்: ஏ, டி, ஜி, சி. செல் இந்த மூல டி.என்.ஏ.வை வெளியே எடுப்பதில்லை. வேண்டிய பகுதிக்கு மட்டும் ஒரு நகல் எடுக்கும். அந்த நகல்தான் தூது ஆர்.என்.ஏ. அது உட்கருவை விட்டு வெளியே வந்து, சரம் கோக்கும் எந்திரமான ரைபோசோமிடம் போய்ச் சேரும்.

ரைபோசோம் அந்த நகலை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறது. நான்கு எழுத்துகளை வைத்து மூன்றெழுத்துச் சொற்கள் எத்தனை எழுதலாம்? 4×4×4, ஆக 64. இதில் 61 சொற்கள் ஏதாவது ஒரு மணியைக் குறிக்கும். மீதி மூன்றுக்கும் ‘நிறுத்து’ என்று பொருள். மணிகளைத் தூக்கி வருவதற்கென்றே சின்னச் சின்ன ஆர்.என்.ஏ.க்கள் உண்டு. ஒரு முனையில் மணி இருக்கும், மறு முனையில் மூன்று எழுத்து இருக்கும். அந்த மூன்று எழுத்து, நகலில் உள்ள சொல்லோடு பொருந்தினால் மணி சரத்தில் சேரும், இல்லாவிட்டால் திரும்ப வேண்டியதுதான்.

நம்முடைய பீட்டா சரம் மெத்தியோனைன் என்ற மணியோடு தொடங்கும். அது தொடக்க அடையாளம் மட்டுமே, பிறகு வெட்டி எறியப்பட்டுவிடும். அதற்கப்புறம் வாலின், ஹிஸ்டிடின், லூசின், திரியோனைன், புரோலின், குளுட்டாமிக் அமிலம் என்று ஒவ்வொன்றாக வரும். ஆறாவதாக வந்த அந்தக் குளுட்டாமிக் அமிலத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதனிடம் வேலை இருக்கிறது.

146 மணிகளையும் கோத்து முடிக்க ரைபோசோமுக்கு ஒரு நிமிடம் போதும். அதன் அளவோ மில்லிமீட்டரை 40,000 பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான். இத்தனை சிறிய பொருளில் எந்த அணு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்ததற்காக, சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கும், அமெரிக்காவின் தாமஸ் ஸ்டைட்ஸுக்கும், இஸ்ரேலின் அடா யோனத்துக்கும் 2009இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, சரம் கோத்தாயிற்று. ஹீமோகுளோபின் தயாரா? இல்லை. இப்போதைக்கு அது தொளதொளவென்று தொங்கும் வெறும் சரம். ஆக்சிஜனை அது தூக்காது. மடிந்து, சுருண்டு, தனக்குரிய வடிவத்துக்கு வந்தால்தான் வேலை செய்யும்.

அந்த வடிவத்தைப் பார்த்தவர் மாக்ஸ் பெரூட்ஸ். வியன்னாவிலிருந்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குப் படிக்க வந்தவர். குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த ஹீமோகுளோபினைப் படிகமாக்கி, அதன்மேல் எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சி, தெறித்து விழும் புள்ளிகளை வைத்து வடிவத்தைக் கணக்கிட 1937இல் முயற்சியைத் தொடங்கினார். நடுவில் உலகப் போர் வந்தது. எதிரி நாட்டுக்காரர் என்று பிடித்து அவரைக் கனடாவுக்குக் கப்பலேற்றி, சில மாதம் அடைத்தும் வைத்தார்கள். திரும்பி வந்தும் விடவில்லை. 1959இல்தான் வடிவம் தெரிந்தது. 22 வருடம்! 1962இல் அவருக்கும், தசைகளில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதத்தின் வடிவத்தைக் கண்ட ஜான் கெண்ட்ரூவுக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

அவர் கண்டது என்ன? பீட்டா சரம் எட்டு இடங்களில் இறுக்கமாகச் சுருண்டு, அந்தச் சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் ‘ஹீம்’ என்ற தட்டையான மூலக்கூறு. ஹீமின் மையத்தில் ஒரே ஓர் இரும்பு அணு. ஆக்சிஜன் வந்து உட்காரும் இடம் அந்த அணுதான். நான்கு சரம், நான்கு பள்ளம், நான்கு ஆக்சிஜன் மூலக்கூறுகள்.

அந்தப் பள்ளம் எதற்கு, ஹீம் மட்டும் போதாதா என்று கேட்டால் அது நல்ல கேள்வி. ஹீமைத் தனியாகத் தண்ணீரில் விட்டால், அதிலுள்ள இரும்பு சீக்கிரமே ஆக்சிஜனேற்றம் அடைந்து, பிறகு ஆக்சிஜனைத் தூக்கவே லாயக்கில்லாமல் போய்விடும். பள்ளம் அதை மூடிக் காப்பதால்தான் இரும்பு ஆக்சிஜனைப் பிடிக்கவும் செய்கிறது, வேண்டிய இடத்தில் விடவும் செய்கிறது. பள்ளம் கொஞ்சம் கோணலாக அமைந்தாலும் காரியம் கெட்டது.

அப்படியானால் சரத்தை இவ்வளவு சரியாக மடித்து வைப்பது யார்? இந்தக் கேள்விக்குப் பதில் கண்டவர் அமெரிக்காவின் கிறிஸ்டியன் அன்ஃபின்சன். அவருடைய சோதனையைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல ஆசை. எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் அது ஒன்று.

அவர் எடுத்துக்கொண்டது ஹீமோகுளோபின் அல்ல. ரைபோநியூக்ளியேஸ் என்ற சிறிய புரதம், 124 மணிகளே கொண்டது. மாட்டின் கணையத்தில் கிடைக்கும். ஆர்.என்.ஏ.வை வெட்டுவது அதன் வேலை. ஆர்மர் என்ற அமெரிக்க இறைச்சி நிறுவனம் இந்தப் புரதத்தை ஒரு கிலோ அளவுக்குச் சுத்தமாகப் பிரித்தெடுத்து, விஞ்ஞானிகளுக்கு இலவசமாகக் கொடுத்திருந்தது. அன்ஃபின்சனுக்கு அது வசதியாகப் போயிற்று.

இந்தச் சரத்தில் சிஸ்டீன் என்ற மணி எட்டு இடங்களில் வருகிறது. சிஸ்டீனில் கந்தகம் உண்டு. இரண்டு சிஸ்டீன்கள் நெருங்கி வந்தால் கந்தகத்தோடு கந்தகம் பிணைந்து முடிச்சு விழும். எட்டுக்கு நான்கு முடிச்சுகள். எது எதோடு சேரலாம்? முதல் சிஸ்டீனுக்கு ஏழு துணை சாத்தியம். அந்த ஜோடி போனால் மீதி ஆறு. அதில் ஒன்றுக்கு ஐந்து துணை சாத்தியம். அடுத்ததற்கு மூன்று. கடைசியில் ஒன்றுதான். 7×5×3×1, ஆக 105 வழிகள். அவற்றில் ஒரே ஒரு வழிதான் சரியான வடிவம்.

அன்ஃபின்சன் அந்தப் புரதத்தை யூரியா கரைசலில் போட்டார். வயலுக்குப் போடுகிறோமே, அதே யூரியாதான், மிகக் கெட்டியான கரைசலாக. மடிப்புகள் விரிந்தன. கூடவே முடிச்சுகளை அவிழ்க்கும் ஒரு ரசாயனத்தையும் சேர்த்தார். இப்போது புரதம் வெறும் சரம். ஆர்.என்.ஏ.வைக் கொடுத்தால் வெட்டத் தெரியவில்லை. பிறகு இரண்டையும் மெதுவாக நீக்கிவிட்டு, காற்றுப் பட வைத்தார். புரதம் பழையபடி ஆர்.என்.ஏ.வை வெட்டத் தொடங்கியது! 105 வழிகளில் சரியான அந்த ஒன்றை, சோதனைக் குழாயில், செல்லின் துணை எதுவும் இல்லாமல், தானே கண்டுபிடித்து மடிந்துகொண்டது.

‘முதலில் அது முழுக்க விரியவே இல்லையோ?’ என்று சந்தேகப்பட இடம் இருக்கிறது. அதற்கும் அவரிடம் ஒரு சோதனை இருந்தது. இந்த முறை யூரியாவை நீக்காமலே முடிச்சுகளை விழ வைத்தார். சரம் விரிந்தபடி கிடக்கும்போது முடிச்சுகள் கண்டபடிதானே விழும்? அப்படித்தான் ஆயிற்று. பிறகு யூரியாவை நீக்கிப் பார்த்தபோது, 100க்கு ஏறக்குறைய 1 பங்கு வேலைதான் மிஞ்சியது. 105இல் 1 என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதோடும் நிறுத்தவில்லை. அந்தத் தாறுமாறான புரதத்தில், முடிச்சு அவிழ்க்கும் ரசாயனத்தைத் துளியளவு சேர்த்தார். தவறான முடிச்சுகள் அவிழ்ந்து அவிழ்ந்து மறுபடி விழுந்தன. சில மணி நேரத்தில் புரதம் தன் சரியான வடிவத்துக்கு வந்து சேர்ந்தது.

ஆக, மடிய வேண்டிய விதம் மணிகளின் வரிசையிலேயே இருக்கிறது. தனியாக ஒரு வரைபடம் கிடையாது. அன்ஃபின்சனுக்கு 1972இல் நோபல் பரிசு வந்தது.

ஆனால் இந்தப் பதில் இன்னொரு வில்லங்கத்தைக் கிளப்பிவிட்டது. 1969இல் சைரஸ் லெவிந்தால் என்பவர் ஒரு கணக்குப் போட்டார். அதே கணக்கை நம் பீட்டா சரத்துக்குப் போடுவோம். ஒவ்வொரு மணியும் மூன்றே மூன்று விதமாகத் திரும்பலாம் என்று வைத்துக்கொண்டால், 146 மணிகளுக்கு 3ஐ 146 தடவை பெருக்க வேண்டும். விடை 70 இலக்க எண். நொடிக்கு லட்சம் கோடி வடிவங்களை முயன்று பார்த்தாலும், பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகள் இதற்குக் காணவே காணாது. நிஜத்தில் புரதங்கள் நொடிகளில், சில அதைவிடவும் வேகமாக மடிந்துவிடுகின்றன. எனில், சரம் ஒவ்வொரு வடிவமாக முயன்று பார்ப்பதில்லை என்பது உறுதி.

பிறகு எப்படி இவ்வளவு சீக்கிரம் மடிகிறது? மூன்று விஷயங்கள் கைகொடுக்கின்றன. முதலாவது, சரம் நினைத்த பக்கமெல்லாம் வளையாது. ஒவ்வொரு மணியிலும் திருகக்கூடிய இடங்கள் இரண்டு உண்டு. எந்தெந்தக் கோணத்துக்குத் திருகினால் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டும் என்று 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் கணக்கிட்டு ஒரு படம் வரைந்தார்கள். படத்தில் பெரும்பகுதி ‘முடியாது’ என்று ஆகிவிட்டது. அனுமதிக்கப்பட்ட இடங்கள் சில தீவுகள் மட்டுமே. உலகத்தின் எந்த மூலையில் யார் ஒரு புதிய புரத வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், ‘ராமச்சந்திரன் படத்தில் சரியாக விழுகிறதா?’ என்று இன்றும் சரிபார்க்கிறார்கள்.

இரண்டாவது, பக்கத்துப் பக்கத்து மணிகள் சட்டென்று சுருளாகிவிடும். இந்தச் சுருளைக் கண்டவர் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங். 1948இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன இடத்தில் அவருக்குச் சளி பிடித்துக்கொண்டது. படுக்கையில் கிடந்து துப்பறியும் கதைகளைப் படித்து அலுத்துப்போய், ஒரு தாளை எடுத்து அதில் புரதச் சரத்தை வரைந்தார். சரியான இடங்களில் மடித்துச் சுற்றிப் பார்த்தார். அழகான சுருள் வந்தது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 3.6 மணிகள். ஹீமோகுளோபினில் இருப்பது இதே சுருள்தான். சளி பிடித்தால் எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை என்பது வேறு விஷயம்.

மூன்றாவதுதான் பெரிய உந்துதல். தண்ணீர் ஆகாத மணிகள் சில உண்டு என்றேன் அல்லவா? எண்ணெய்த் துளிகள் ரசத்தின்மேல் ஒன்றுகூடுவது எதனாலோ, அதனாலேயே இந்த மணிகளும் தண்ணீரைவிட்டு விலகி உள்ளே ஒன்றுகூடும். தண்ணீர் பிடித்த மணிகள் வெளிப்பக்கம் நிற்கும். இப்படிச் சரம் சுருங்கத் தொடங்கியதுமே மீதி வாய்ப்புகளில் பெரும்பாலானவை அடைபட்டுவிடும். ஒவ்வொரு அசைவும் அடுத்த அசைவுக்கான வழியைக் குறுக்கிக்கொண்டே போகும்.

வரிசையை மட்டும் கொடுத்தால் வடிவத்தைச் சொல்ல முடியுமா? 2020இல் ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரல் பல புரதங்களுக்கு வியக்கத்தக்க துல்லியத்தோடு சொல்லிவிட்டது. 2024இன் வேதியியல் நோபலில் ஒரு பாதி அதைச் செய்த டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் போயிற்று. மற்றப் பாதி, இயற்கையில் இல்லாத புதுப் புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கருக்கு. என்றாலும் அந்த நிரல் சொல்வது கடைசி வடிவத்தைத்தான். மடியும்போது சரம் எந்த வழியாகப் போகிறது என்பதை அது சொல்வதில்லை.

இந்த இடத்தில் உங்களில் யாராவது குறுக்கே வரக்கூடும். ‘அன்ஃபின்சனின் புரதம் பழைய நிலைக்குத் திரும்பியது சரி. அவித்த முட்டை ஆறிய பிறகு ஏன் மறுபடி தண்ணீராவதில்லை?’

கூட்டம்தான் காரணம். சூட்டில் முட்டையின் வெள்ளைக்கருப் புரதங்கள் விரிகின்றன. உள்ளே ஒளிந்திருந்த, தண்ணீர் ஆகாத மணிகள் வெளியே தெரிகின்றன. சுற்றிலும் இதே மாதிரி விரிந்த புரதங்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. ஒரு சரம் தன்மேலேயே மடிவதற்குள் பக்கத்துச் சரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அதோடு இன்னொன்று, இன்னொன்று. கடைசியில் வெள்ளையாக ஒரே சிக்கல். அன்ஃபின்சனின் குழாயில் இவ்வளவு நெரிசல் இல்லை.

சிவப்பணுவுக்குள் எப்படி? முட்டை வெள்ளைக்கருவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் புரதம். சிவப்பணுவுக்குள் மூன்றில் ஒரு பங்கு ஹீமோகுளோபின்! புதிதாகப் பிறக்கும் சரம் இத்தனை நெரிசலில்தான் மடிந்தாக வேண்டும். அதனால் செல்கள் காவல் புரதங்களை வைத்திருக்கின்றன. 1962இல் இத்தாலிய விஞ்ஞானி ஃபெருச்சியோ ரிட்டோஸா பழ ஈக்களின் செல்களை ஒரு வெப்பப் பெட்டியில் வைத்திருந்தபோது, யாரோ பெட்டியின் வெப்பத்தைக் கூட்டிவிட்டார்கள். சூடு பட்டதும் சில மரபணுக்கள் மட்டும் மும்முரமாக வேலை செய்வதைக் கண்டார். அவை உண்டாக்கும் புரதங்கள், விரிந்துபோன மற்றப் புரதங்களைப் பிடித்து ஒட்டவிடாமல் தடுப்பவை என்று பிற்பாடு தெரிந்தது. சில காவல் புரதங்கள் சரத்தின் ஆபத்தான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வேறு சில, சரத்தை ஒரு கூண்டுக்குள் விட்டு மூடி, தனிமையில் மடியவிட்டு, சில நொடி கழித்துத் திறந்துவிடும்.

ஆல்ஃபா சரத்துக்கென்றே ஒரு காவலாள் இருப்பது 2002இல் வெளியானது. ஆல்ஃபா தனியாக இருந்தால் நிலைக்காது, படிந்து செல்லையே கெடுத்துவிடும். அதனால் பீட்டா வந்து சேரும்வரை இந்தக் காவலாள் அதைப் பிடித்து வைத்திருக்கும். தலசீமியா என்ற நோயின் ஒரு வகையில் பீட்டா சரங்கள் போதுமான அளவு வருவதில்லை. துணையில்லாத ஆல்ஃபா சரங்கள் காவலுக்கும் அடங்காமல் குவிந்துவிடும்.

ஆறாவது மணிக்கு வருவோம். சிலருக்கு மரபணுவில் ஓரெழுத்து மட்டும் மாறியிருக்கும். அதனால் பீட்டா சரத்தின் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்து உட்காரும். மற்ற 145 மணிகளும் சரிதான். சரம் சரியாகவே மடிகிறது, ஆக்சிஜனையும் தூக்குகிறது. ஆனால் ஆறாவது இடம் வெளிப்பக்கம் இருக்கிறது. குளுட்டாமிக் அமிலத்துக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலினுக்கு ஆகாது. ஆக்சிஜனை இறக்கியதும் அந்த வாலின் பக்கத்து ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ள இடம் தேடும். இப்படி ஒட்டி ஒட்டி நீளமான இழைகளாகி, வட்டமான சிவப்பணுவை அரிவாள்போல வளைத்துவிடும். அதனால்தான் அரிவாள் செல் நோய் என்று பெயர். வளைந்த செல்கள் மெல்லிய ரத்தக் குழாய்களில் அடைத்துக்கொண்டு கடும் வலியைத் தரும். இந்த ஒரு மணி மாற்றத்தை 1956-57இல் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம் கண்டுபிடித்தார். இந்தியாவில் இப்படிப்பட்ட சிவப்பணுக்கள் முதலில் அறியப்பட்டது நீலகிரி மலைவாழ் மக்களிடம், 1952இல். அங்கே இன்றும் பழங்குடிக் குழந்தைகளின் ரத்தத்தை இதற்காகப் பரிசோதிக்கிறார்கள்.

நம் ஹீமோகுளோபின் நல்லபடியாகவே மடிந்தது என்று வைத்துக்கொள்வோம். அதன்பின் அந்தச் சிவப்பணு ஒரு விசித்திரமான வேலை செய்யும். முழு வளர்ச்சி அடையும் சமயத்தில் தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடும். ரைபோசோம்களையும் கழித்துவிடும். இனி அதனால் ஒரு புரதமும் செய்ய முடியாது. கையில் இருப்பதை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 120 நாள் ஓட வேண்டும்.

பிறகு மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள செல்கள் அதை விழுங்கும். சரங்கள் அறுபட்டு மறுபடி மணிகளாகும். அந்த மணிகள் நகமாகவோ முடியாகவோ வேறு எந்தப் புரதமாகவோ கோக்கப்படலாம். இரும்பு மஜ்ஜைக்குத் திரும்பிவிடும். ஹீமின் மிச்சத்துக்கு மட்டும் மறுவேலை இல்லை. அது முதலில் பச்சை நிறப் பொருளாகும், பிறகு மஞ்சளாகும். முழங்காலில் அடிபட்டுக் கன்றிப்போன இடம் சில நாளில் பச்சையாகி அப்புறம் மஞ்சளாவதைக் கவனித்திருப்பீர்களே? அது இதுதான். உடம்பு முழுவதும் இப்படிச் சேரும் மஞ்சளைக் கல்லீரல் பித்தநீரில் கலந்து குடலுக்கு அனுப்பும். குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை மேலும் உடைக்க, கடைசியில் பழுப்பு நிறம் வரும். காலையில் கழிப்பறையில் நீங்கள் பார்ப்பது அந்த நிறத்தைத்தான். இதை வகுப்பில் எழுந்து சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் சாமர்த்தியம்.